வாசகர் வட்ட ஆண்டறிக்கை: இல்லாத நூலகத்தில் ஒரு வருடம்

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மழைக்குள் இரண்டு கூட்டங்கள் தவறிப்போயின, மற்றவை நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதில் கை வைக்கவில்லை.

இந்த வருடம் கதைத்ததெல்லாம் கதைகளுக்குள் இருக்கும் நூலகங்களைப் பற்றித்தான். தொடக்கி வைத்தவர் பிரான்சுக்காரர் ரபலே. 1532 அளவில் வந்த 'பந்தாகுருவெல்' கதையில் அவருடைய இராட்சத நாயகன் பாரிஸுக்குப் படிக்கப் போய், சென் விக்டர் மடத்து நூலகத்தைப் பார்க்கிறான். மடம் உண்மை, அங்கே நூலகம் இருந்ததும் உண்மை, ஆனால் பக்கம் பக்கமாக நீளும் புத்தகப் பட்டியலில் பெரும்பாலானவை சமயப் பண்டிதர்களைப் பகிடி பண்ண ரபலே தானே கட்டிவிட்ட தலைப்புகள். கதையே வேண்டாம், தலைப்பே அடிக்கிறது.

சரி, நாமும் ஒரு பட்டியல் போடுவோம் என்று இறங்கினோம். 'பொன்னாடை போர்த்தலும் மடித்தலும்', 'தலைமையுரை: பதினொரு பாகங்கள்', 'முதற்பிரதி பெற்றவர் அதை வாசித்த வரலாறு' (இருநூறு பக்கம், அத்தனையும் வெறுந்தாள்). கடைசியாகச் சொன்னதற்கு ஒரு மூத்த உறுப்பினர் இரண்டு கூட்டம் வராமல் இருந்தார், அவர் வாங்கிய முதற்பிரதிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் 'கலிவரின் பயணங்கள்' எழுதிய சுவிஃப்ட். 1704 இல் வந்த 'நூல்களின் போர்' என்ற அங்கதத்தில் லண்டன் அரச நூலகத்துக்குள் பழைய நூல்களும் புதிய நூல்களும் போர் செய்கின்றன. வென்றது யார் என்று சொல்லாமல், கையெழுத்துப் பிரதி சிதைந்துவிட்டதாகப் பாசாங்கு செய்து முடிக்கிறார். அன்று எங்கள் மரபுக்கவிதைக்காரரும் புதுக்கவிதைக்காரரும் போட்ட சத்தம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அந்தக் கூட்டத்தின் குறிப்பும் சிதைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்முனையிலிருந்து பஸ் ஏறி வரும் உறுப்பினர் தங்கள் ஊர்க்காரரான கவிஞர் நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை வாசித்தார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிய கவிதை. சிவில் உடை அணிந்த அரச காவலர் புத்தரைச் சுட்டுவிடுகிறார்கள், அவர் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார், இரவோடிரவாக வந்த அமைச்சர்கள் இவர் பெயர்தான் எங்கள் பட்டியலில் இல்லையே என்று கோபப்படுகிறார்கள். பட்டியல் என்ற சொல் வந்ததும் எங்கள் தாளை ஒருவர் பேசாமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது, அன்று வேறு எதுவும் கதைக்கவில்லை.

அடுத்த மாதம் தாள் நிமிர்ந்தபோது அதில் ஒரு தலைப்புக் கூடியிருந்தது: 'கூட்டக் குறிப்புகள், நாளைக்கு எழுதப்படும்'. கையெழுத்து யாருடையது என்று தெரியும். புதிய செயலாளர் பதவிக்கு அவரையே முன்மொழிகிறேன்.