மயூர் விகாரில் இருக்கும் மகளுக்கு

நங்கநல்லூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மாடித் தொட்டியைப் பற்றியும் பெரம்பூர் அத்தையின் கண் அறுவையைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சென்ற வாரம் டெல்லியின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நம்பர் எறங்கிடுச்சுப்பா, 180தான்" என்று நீ சொன்னதிலேயே மனம் நின்றுவிட்டது. அது எந்த 180 என்று நான் கேட்பதற்குள் நீ கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாய். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்த்த 180 என்றால், பிஎம் 2.5 எனும் நுண்துகள் கன மீட்டருக்கு ஏறக்குறைய 85 மைக்ரோகிராம் இருந்திருக்கும். அமெரிக்கக் கணக்கில் காட்டும் செயலியில் பார்த்ததென்றால் நுண்துகள் நூறு மைக்ரோகிராமை நெருங்கியிருக்கும். அதே காற்றுக்குச் சமீர் 220 வாக்கில் காட்டி 'மோசம்' என்று சொல்லும். அப்படியானால் அமெரிக்கக் கணக்குதான் தாராளம் என்று நினைத்துவிடாதே. 60 மைக்ரோகிராம் அளவில் நம் குறியீடு 100 காட்டித் 'திருப்திகரம்' என்று நிறுத்திக்கொள்ளும். அவர்கள் குறியீடோ 150-ஐத் தாண்டி, உடல்நலத்துக்குக் கேடு என்று சிவப்பில் எச்சரிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளுக்கு வகுத்த வரம்பு 15 மைக்ரோகிராம்தான். ஆகவே குறியீட்டு எண்ணையும் அதன் வண்ணத்தையும் விட்டுவிட்டு, பிஎம் 2.5-க்கு மணிக்கு மணி வரும் மைக்ரோகிராம் அளவைப் பார். அது ஒன்றுதான் செயலிக்குச் செயலி வேடம் மாறாதது.

அம்மா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பேசியே காற்றை முகர்ந்து பார்க்கிறது என்பது அவள் எண்ணம். புதன்கிழமை அவள் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்தபோது எனக்கு இருமல் தாங்கவில்லை. அடுப்புக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்துக் காட்டினேன். வாணலியிலிருந்து புகை எழுந்துகொண்டே இருக்க, திரையில் 62 என்ற எண் அசையாமல் நின்றது. அது ஆலந்தூர் பேருந்துப் பணிமனையில் இருக்கும் கருவியின் எண். நம் சமையலறையை அதற்குத் தெரியாது. உன் வீட்டையும் உன் கைப்பேசிக்குத் தெரியாது. அது பட்பர்கஞ்ச் அளவீட்டு நிலையத்தின் எண்ணைக் காட்டுகிறதா, பேருந்தும் ரயிலும் நெரியும் ஆனந்த் விகார் எண்ணைக் காட்டுகிறதா என்று ஒருமுறையாவது பார்த்தாயா? நிலையமே இல்லாத இடத்துக்கும் சில செயலிகள் எண் சொல்லும். அது செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணிப்பையும் கொண்டு இட்டு நிரப்பியது. மாப்பிள்ளை நம்பியிருந்த அமெரிக்கத் தூதரகத்து அளவும் 2025 மார்ச்சோடு நின்றுவிட்டது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். சமீர் காட்டும் குறியீடு 24 மணி நேரச் சராசரி. போகி அன்று விடியற்காலையில் நம் தெருவே புகையில் மூழ்கி எதிர்வீட்டுக் கதவு தெரியாமல் இருந்தபோது, திரை 'திருப்திகரம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. புகை கலைந்து, நாங்கள் குளித்துச் சாப்பிட்ட பிறகு எண் ஏறியது. டெல்லிக் குளிர்காலத்தில் இரவும் காலையும்தான் காற்று தரையோடு தேங்கிக் கிடக்கிறது, பிற்பகலில் கொஞ்சம் விடுகிறது. காலை 7 மணிக்குச் சின்னவன் பள்ளி வண்டிக்கு நிற்கும்போது நீ பார்க்கும் எண்ணுக்குள் நேற்றைய பிற்பகலும் கலந்திருக்கிறது. சராசரி எதை மறைக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கே பாடம் நடத்தியவள் நீ. புள்ளியியலில் முழு மதிப்பெண் வாங்கியவளின் மதிப்பெண் பட்டியலை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு வட்டத்தின் நிறத்தைப் பார்த்து, "வெளையாடப் போயிருக்கான்ப்பா" என்று சொன்னால் நான் என்ன செய்வது? மணிக்கு மணி வரும் மைக்ரோகிராமைப் பார்.

வீட்டுக்குள் வைக்கும் சிறிய காற்று மாசு அளவி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. அது துகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிதறலை அளப்பது. பனிமூட்டத்தில் ஈரம் குடித்து ஊதிய துகளைப் பெரிய தூசியாக எண்ணிக் கூட்டிச் சொல்லும். கதவைச் சாத்திய அறைக்கும் திறந்த அறைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதற்கு அது போதும். சமையலறையில் வைக்காதே. மருந்தை நுண்துளியாகத் தூவும் எந்தக் கருவியின் பக்கத்திலும் வைக்காதே. அந்தத் துளிகளையும் மாசு என்றே எண்ணிவிடும். சென்ற ஞாயிறு நீ ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் வேறு எதுவும் கேட்கவில்லை; அளவியை எங்கே வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

சமீரில் சில நாள் ஒரு நிலையத்துக்கு எண்ணே வராது. 16 மணி நேர அளவாவது இல்லாவிட்டால் குறியீட்டைக் கணக்கிடக் கூடாது என்பது விதி. செயலி சரியில்லை என்று நீ சலித்துக்கொண்டது அதற்காகத்தான் என்றால், அந்த வெற்றிடத்தைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புவேன். ஏன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

1996-இல் ஆலையின் காவல் அறை மாடியில் இருந்த காற்று மாதிரிக் கருவி என் பொறுப்பில் இருந்தது. கண்ணாடி இழை வடிதாளை எடைபோட்டுப் பொருத்தி, எட்டு மணி நேரம் காற்றை இழுக்கவிட்டு, சாம்பல் பூத்த தாளைக் கழற்றி மறுபடி எடைபோட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். மின்சாரம் போய்க் கருவி நின்ற இரவுகளில் கட்டத்தை வெறுமையாக விட்டுக் காரணம் எழுதியிருக்க வேண்டும். நான் முந்தைய நாள் எண்ணை இரண்டு மூன்று கூட்டிக் குறைத்து எழுதினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. விளக்கம் எழுதச் சோம்பல், அவ்வளவுதான். உனக்கு அப்போது ஏழு வயது. இரவெல்லாம் உனக்கு இளைப்பு. குடியிருப்பை விட்டுப் போய்விடலாம் என்று அம்மா அழுதபோது, அந்தப் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துவந்த எண்களை அவளிடம் காட்டி, "காத்து நல்லாத்தான் இருக்கு, இது குளிர்ச்சியால வர்றது" என்றேன். அவற்றில் சில எண்கள் நானே மேசையில் உட்கார்ந்து எழுதியவை என்பது எனக்குத் தெரியும். வாடகையில்லாத வீடு என்று இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருந்தோம். அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கற்பூரவல்லியைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் தனிப் பொட்டலமாக உனக்கு வருகிறது.

அளவி வந்த மறுநாளிலிருந்து, காலை 7 மணிக்கு நிலையத்தின் பிஎம் 2.5 அளவையும் வீட்டு அளவையும், சின்னவன் இரவு எத்தனை முறை எழுந்தான் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. பார்க்க நேரமில்லாத நாளில் அந்தக் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா