ஞாயிறு ஜாஸ் கேட்கிறோம், எல்லாரும் வாங்க

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு எங்க வீட்டு மொட்டைமாடி ரூம்ல கூடுறோம்.

இந்த தடவை முழுக்க ஜாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ தான். 1961 ஜூன் 25, அதுவும் ஒரு ஞாயிறு, நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் கிளப்ல பில் எவன்ஸ் பியானோ, பால் மோஷன் டிரம்ஸ், லஃபாரோ டபுள் பேஸ் (ஆள் உயர வயலின் மாதிரி, கீழ் சுருதி வாத்தியம்), ஒரே நாள்ல அஞ்சு செட், அதாவது அஞ்சு சுற்று, வாசிச்சாங்க, பேஸ்னா பின்னாடி நின்னு தாளம் பிடிக்கறதுன்னு நினைச்சிருந்தவங்களுக்கு அவர் பியானோவோட சரிக்கு சரி பேசுறது கேட்டா உடம்பு சிலிர்க்கும். கிளாஸ் சத்தம், ஆளுங்க பேச்சு எல்லாம் ரெக்கார்டிங்ல அப்படியே இருக்கு, லைவ்னா இதுதான். 11 நாள் கழிச்சு கார் விபத்துல போயிட்டார், வயசு 25. இப்பவும் மனசு ஆறல.

1. 5:45க்கே வந்துடுங்க, நடுவுல கதவு திறக்க வேணாம்.
2. நல்ல ஸ்பீக்கர் இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க. பேஸோட அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அவ்ளோ கீழ் சுருதி போன் ஸ்பீக்கர்ல வரவே வராது.
3. போன் சைலன்ட்.
4. நீங்க நேர்ல பார்த்த கச்சேரி ஒண்ணு பத்தி அஞ்சு நிமிஷம் பேசுங்க.

வர்றவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள பேர் போடுங்க, டீ, வடை சொல்லணும்.