பெர்மிட் கேட்டு வருகிறோம், பதில் வரும் தேதியைச் சொல்லுங்கள்

எங்கள் நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும் கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் இந்தத் தோட்டத்து ஊர் பாடாங்கில், அதாவது பொதுத் திடலில், ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கும் குழுவில் நானும் ஒருவன். பெர்மிட்டே வேண்டாம், எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. பெர்மிட் வேண்டும். சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் கூடுகிற இடத்தில் கூடாரம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, ஆம்புலன்ஸ் வந்து போக வழி விட்டிருக்கிறதா, ஜெனரேட்டர் பக்கத்தில் தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனால் எங்களுக்குத்தான் நிம்மதி. நாங்கள் கேட்பது ஒன்றுதான். விண்ணப்பம் வாங்குகிற அன்றைக்கே என்னென்ன தாள் வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

போன தடவை நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்த கையோடு விண்ணப்பித்தோம். பாடாங்குக்கு ஒரு விண்ணப்பப் பாரம், கூடாரத்துக்கு ஒன்று, மேடை நிகழ்ச்சிக்குக் கேளிக்கை லைசென்ஸ், கடைகளுக்குத் தற்காலிக லைசென்ஸ், பேனருக்குத் தனி. கழகத்தின் முகப்பில் (கவுண்டரில்) இருந்தவர், போலீஸ் ஆதரவுக் கடிதம் கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். போலீஸ் நிலையத்தில் கேட்டால், இடத்தை நகராண்மைக் கழகம் கொடுத்துவிட்டதா, அந்தக் கடிதம் எங்கே என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது, ஆனால் எந்தக் கடிதம் முதலில் என்பதை இருவரில் ஒருவராவது முடிவு செய்யும் வரை எங்கள் கோப்பு அங்கேயும் இங்கேயும் அலைந்துகொண்டிருந்தது. கடைசியில் விழாவுக்கு முதல் நாள் பிற்பகலில் அனுமதி வந்தது, அதுவரை யாரும் சொல்லாத நிபந்தனைகளோடு. வைப்புத்தொகையைக் கட்டலாம் என்று ஓடினால் பணம் கட்டும் முகப்பு மூடியிருந்தது.

இதற்கு நடுவில் சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) கட்டியிருந்த பேனரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மலாய் எழுத்து பெரிதாக மேலே, தமிழ் கீழே, விதிப்படிதான் அச்சடித்திருந்தோம். கழகத்தின் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்பது காரணம். அனுமதிக் கடிதத்தைக் காட்டினால்தான் ஸ்டிக்கர் தருவார்கள், கடிதமோ முதல் நாள்தான் வருகிறது, அப்புறம் பேனரை எப்போது கட்டுவது, யார் பார்த்து விழாவுக்கு வருவது?

எங்கள் ஊர் அக்காமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவு விற்பவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும், 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வடையும் அப்பமும் போடுகிறவர்கள் கிளினிக்கில் காத்திருந்து ஊசி போட்டு, பயிற்சிக்கும் போய் வந்து, சான்றிதழை லேமினேட் செய்து கூடையிலேயே வைத்திருந்தார்கள். யாராவது கேட்டால் உடனே எடுத்துக் காட்ட வேண்டுமாம். அப்படிப்பட்டவர்கள் முதல் நாள் மதியம் வரை "தம்பி, உளுந்து ஊறப் போடவா வேண்டாமா?" என்று போன் மேல் போன் போட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. சட்டத்தை மதித்து நடந்தவர்களைத்தான் இந்தத் தாமதம் முதலில் அடிக்கிறது.

தோட்டத்தில் இருந்தவரை இந்த வழக்கமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தோட்டத்து எழுத்தர் கிராணி மூலமாகத் தோட்ட நிர்வாகி துரைக்கு ஒரு கடிதம், அவர் தலையசைத்தால் திடலும் கிடைக்கும், லாரியும் கிடைக்கும். தோட்ட நிலம் கைமாறி, தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் காலியாகி, ஜனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கு வந்த பிறகு பாடாங் உங்களுடையது, பெரிய சாலை பொதுப்பணி இலாகாவுடையது, போக்குவரத்து போலீசுடையது, கோவில் இருக்கிற துண்டு நிலம் மட்டும் இன்னும் கம்பெனியுடையது. ஒரே ஊர்வலம் கோவில் வாசலில் புறப்பட்டு பாடாங் வந்து சேர்வதற்குள் இத்தனை பேர் எல்லையைத் தாண்டுகிறது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் அப்பாக்கள் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரே தாளில் அச்சடித்து முகப்பில் வைத்தால் பாதி அலைச்சல் போய்விடும்.

சட்டம் உங்கள் கையில் நிறைய அதிகாரம் கொடுத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆவது பிரிவுப்படி காரணம் சொல்லாமலே நீங்கள் லைசென்ஸை மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பப் பெறலாம், நஷ்ட ஈடும் கிடையாது. கழகம் போடுகிற துணைச் சட்டத்தை மீறினால் எங்களுக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது. சரி, சட்டம் அப்படி. ஆனால் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தைப் பாருங்கள். அதில் முன்னறிவிப்பு 5 நாள், சமயக் கூட்டங்களுக்கு அதுவும் வேண்டாம், போலீசிடமிருந்து பதிலே வராவிட்டால் அறிவித்தபடி கூட்டத்தை நடத்தலாம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். கொடி பிடித்துக் கூடுகிறவர்களுக்கு இருக்கிற அந்த உறுதி, கோலப் போட்டியும் உறியடியும் நடத்துகிறவர்களுக்கு இல்லை. தை முதல் தேதியை எங்களால் தள்ளிப்போட முடியாது. கடைசி நேரத்தில் வரும் அனுமதியும் மறுப்பும் எங்களுக்கு ஒன்றுதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பக்கத்துத் தாமான் பையன்கள் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. கூடாரத்தைப் போடு, நடத்து, சம்மன் வந்தால் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், ஏனென்றால் அந்தக் கூடாரத்துக் கயிற்றையும் வயரையும் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, காற்று மழையில் சரிந்தால் கீழே இருப்பது நம் பிள்ளைகள்தான். ஆனால் "நீங்கள் முறைப்படி கேட்டு என்ன கண்டீர்கள்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நான் எதைக் காட்டுவது?

நீங்கள் மாநில அரசு நியமித்தவர்கள். 1965இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவே இல்லை, அதனால் வாக்குப் போட்டு எங்கள் கருத்தைச் சொல்லும் வழியும் இல்லை. ஆனால் கழகத்தின் கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வந்து உட்காருகிறோம். போலீஸ், பொம்பா (தீயணைப்புப் படை), சுகாதாரப் பிரிவு, கழகம் எல்லாருக்கும் ஒரே பாரம், அதை வாங்க ஒரே முகப்பு, கோப்பை அந்தந்த இலாகாவுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். இதை முடிவு செய்ய மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள், பதில் வரும் தேதியை எழுதிக் கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வரும் தைக்கான விண்ணப்பத்தை இந்த மாதமே கொண்டு வருகிறோம். வாங்கும்போது எங்கள் நகலில் முத்திரை குத்தி, பதில் தேதியையும் அதில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
பொங்கல் விழாக் குழுவிலிருந்து ஒருவன்