சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கோப்ரல்: விருந்து ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். முன்னாள் ராணுவத்தினருக்காக கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் நடத்திய நிதி விருந்துக்கு நானும் வந்திருந்தேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வசூலான பணம் ஓய்வூதியம் இல்லாதவர்களுக்குப் போகும் என்றீர்கள், நல்ல காரியம். 21 ஆண்டுகள் முடிக்காமல் படையை விட்டு வந்த சாதாரண சிப்பாய்க்கு இங்கே மாத ஓய்வூதியம் கிடையாது என்பதே எங்கள் மேசையில் பலருக்குப் புதுச் செய்தி.

நான் டிக்கெட் வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் படை என்றதும் முதலில் வரும் பெயர் ரியர் அட்மிரல் தனபாலசிங்கம். 1967இல், 31 வயதில், அரச மலேசியக் கடற்படைக்குத் தளபதியான தமிழர். அதற்கு முன் அந்த நாற்காலியில் இந்த நாட்டுக்காரர் யாரும் உட்கார்ந்ததில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, சீருடை போட்டவர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

பேசத்தான் விடவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரிகளை மேடையோரம் நிற்க வைத்து, கல்யாண வரவேற்பில் மொய்க்கு நிற்பது மாதிரி எங்களை வரிசையில் விட்டீர்கள். பொன்னாடை, படம், அடுத்த ஆள். நான் மிகவும் மதிக்கும் ஒரு கர்னலின் கையைப் பிடித்து "வணக்கம் ஐயா" என்று முடிப்பதற்குள் படக்காரர் நகரச் சொல்லிவிட்டார். குவிந்த பொன்னாடைகளுக்குள் அவருக்கும் வியர்த்துக் கொட்டியது, பாவம்.

அப்புறம் கை கழுவப் போனபோதுதான், சமையல்கட்டு வாசலை ஒட்டிய மேசையைப் பார்த்தேன். யாருக்காக விருந்தோ அவர்கள் அங்கே இருந்தார்கள்! ஒருவர் ரேஞ்சர் படையில் கோப்ரலாக இருந்தவர். மார்பில் இருந்த பதக்கங்களில் ஒன்றின் நாடா கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. பேராக்கையும் கிளந்தானையும் காட்டு வழியே இணைக்கும் கெரிக்–ஜெலி சாலை போட்டபோது காவலுக்கு நின்றாராம். உப்புக் குப்பியையும் தண்ணீர்க் குவளையையும் நகர்த்தி, "இது லோரி, இது ஆறு, நாங்க இந்தப் பக்கம்" என்று காட்டினார். அரசை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகள் சாலை போடும் இயந்திரங்களைத் தகர்த்தது, காட்டுப் பாதையில் ஜெராங்காப் சமார் என்ற மறைவான பொறி வைத்தது, காய்ந்த இலை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் கால் வைக்கக் கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம் வந்தது. 1982இல் திறந்த அந்தச் சாலையில்தான் இன்று நாம் கிளந்தானுக்கு ஏசி போட்டுக்கொண்டு போகிறோம். என்னோடு வந்த என் அண்ணன் மகன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1989 டிசம்பரில் அந்தக் கம்யூனிஸ்டுகளோடு ஹாட்யாய் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சண்டை ஓய்ந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே காட்டுக்குள் காவலுக்குப் போன வீரர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல். அவர்கள் வாயால் கேட்க இன்னும் எத்தனை விருந்து கிடைக்கும்?

அதனால் கேட்கிறேன்: அடுத்த முறை பொன்னாடை வரிசையை விடுங்கள். கர்னலோ கோப்ரலோ, மேசைக்கு ஒரு முன்னாள் வீரரை உட்கார வையுங்கள். முன் மேசைக்குப் பெரும் பணம் கொடுத்த டத்தோவைப் பின்னால் தள்ள முடியுமா என்பீர்கள். தள்ள வேண்டாம். அவர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள், அவரும் கேட்கட்டும். உரைகளில் இரண்டைக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். அன்று பேசிய பிரமுகர்களில் ஒருவர்கூட அந்தக் கடைசி மேசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேசைப் பட்டியல் போட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். கோப்ரல் உட்காரும் மேசையில் எனக்கும் அண்ணன் மகனுக்கும் இடம் பிடித்து வையுங்கள். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து வந்த ஒரு விருந்தாளி