ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. அக்கா மகனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று தெரிந்ததிலிருந்து வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். மனசு கேட்கவில்லை, உடனே எழுதுகிறேன்.

பலருக்கு வீட்டிலிருந்தே வைத்தியம் பார்க்கலாம். ஆனால் சாகப்போகிறேன் என்கிறான், அடிக்கப் பாய்கிறான், விஷம் கலந்திருக்கிறது என்று சோற்றையும் மாத்திரையையும் தொடவில்லை என்றால் நாள் கடத்தாதீர்கள். சம்மதித்தால் அவனே கையெழுத்துப் போட்டுச் சேரலாம். முடிவெடுக்கும் நிலையில் இல்லையென்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 89ஆம் பிரிவு இருக்கிறது. அவன் சார்பில் நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி அவனுக்காகச் செயல்படுபவர், விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சேர்க்கை 30 நாள் வரைதான். ‘விட்டால் அங்கேயே கிடப்பான்’ என்று அழும் அக்காவிடம் இதைச் சொல்.

வார்டில் முதலில் அடங்குவது படபடப்பும் தூக்கமின்மையும்தான். காதில் கேட்கும் குரல்கள் குறைய வாரக்கணக்கில் ஆகும். பத்தாம் நாளே ‘மருந்து கேட்கவில்லை’ என்று கூட்டி வந்துவிடாதீர்கள். மருந்தால் கழுத்து ஒரு பக்கமாக இழுத்தாலோ கண் மேலே செருகினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், ஊசியில் சரியாகும். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். அது மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். அப்படியிருக்க அளவைக் கூட்டினால் இன்னும் தவிப்பான்.

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், தலா ஆறு வாரம் கொடுத்தும் பலனில்லையென்றால் குளோசபின் பற்றி நீங்களே கேளுங்கள், மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் மாத்திரை அது. இதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது எனக்குத் தாங்காத விஷயம். 12.5 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளணு பார்க்க வேண்டும். மலச்சிக்கலை அசட்டை செய்யாதீர்கள், குடலே அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் கேட்டு மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அவன் சிகரெட் பிடிப்பவனா? வார்டில் புகை இல்லாத நிலையில்தான் அளவு நிர்ணயிப்பார்கள். வீட்டுக்கு வந்து பழையபடி பற்றவைத்தால், மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாலும் ரத்தத்தில் குளோசபின் குறைந்துவிடும், குரல்கள் திரும்பும். மாத்திரையைத் துப்பிவிட்டான் என்று வீட்டில் திட்டுவார்கள், பாவம். சேர்க்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடு.

ஆஸ்பத்திரி செய்வது பாதி வேலை. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து அதிகம். ஒரு வாரத்துக்குள் ரிவியூ தேதி வாங்காமல் வெளியே வராதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், அளவு, எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் இருக்கட்டும். டிப்போ ஊசி (ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்வது) போட்டிருந்தால் போட்ட தேதியும் அடுத்த தேதியும் வேண்டும். முதல் தடவை வந்த நோய் என்றாலும், தெளிந்த பிறகு ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடு, அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சம்மரி கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்