பவுடர் விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள், நீங்களும் வாருங்கள்

தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஆத்தூர், கெங்கவல்லி பக்கம் முட்டைக்கென்று லேயர் கோழி வைத்திருக்கும் எங்களைப் போன்ற சிறு பண்ணைக்காரர்களிடம் இப்போது எல்லோரும் நீட்டுவது பிரீபயாடிக் பவுடரைத்தான். முட்டை கூடும், ஓடு கெட்டிப்படும், கழிச்சல் நிற்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அதை எங்கள் கொட்டகையிலேயே வைத்து நீங்கள் சோதித்துச் சொல்ல வேண்டும்.

பொருளை நான் பழிக்கவில்லை. அது கோழிக்குச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரை. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி. அவை அதைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்கும்போது கெட்ட கிருமிகளுக்கு இடம் குறைகிறது. ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் மானன் வகை வேறு மாதிரி: ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கெட்ட கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் அதில் ஒட்டிக்கொண்டு எச்சத்தோடு வெளியே போகும். இனுலின் என்ற இன்னொரு வகை நாம் காபியில் கலந்து குடிக்கிற சிக்கரிக் கிழங்கில் இருப்பதுதான். வெங்காயத்திலும் உண்டு (அதற்காகக் கூண்டில் வெங்காயச் சருகைக் கொட்டச் சொல்லவில்லை). வளர்ச்சிக்கென்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. இங்கே 2019இல் கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தருவதற்குத் தடை வந்தது. அந்த இடத்துக்கு ஒன்று வேண்டும், சரி.

இடிப்பது கணக்கில். ஒரு கோழி நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். ஒரு டன் தீவனம் 9,000 கோழிக்கு ஒரு நாள் வரும். டன்னுக்கு ஒரு கிலோ பவுடர், கிலோ 300 ரூபாய், முட்டை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 முட்டை கூடுதலாக விழுந்தால் போட்ட காசு வந்துவிடும். 9,000 கோழியில் 60 முட்டை. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த அளவு ஏற்ற இறக்கம் ஒரு ராத்திரி கரண்ட் போனாலே வரும், மக்காச்சோள லோடு மாறினாலும் வரும். கூடியதா இல்லையா என்று எந்தப் பண்ணைக்காரனும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பவர் பேச்சை நம்பவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

சோதனை இப்படி இருக்கட்டும்: ஒரே பேட்ச் கோழி, ஒரே தீவனம். கூண்டு வரிசைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிக்கு மட்டும் பவுடர் போடுங்கள். 30 வாரக் கோழியில் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இடுகிற கோழிகளிடம் இன்னும் எவ்வளவு எதிர்பார்ப்பது? 60 வாரம் தாண்டி, ஓடு மெலிந்து, கீறல் முட்டை சேர ஆரம்பித்த கோழியில் பாருங்கள். எண்ணிக்கையோடு கீறல், தோல்முட்டை (ஓடில்லாதது), ஓட்டின் கனம் எல்லாம் பதிவாகட்டும். ஏப்ரல், மே கட்டாயம் அதில் வர வேண்டும். நம் வெயிலில் கோழி வாயைப் பிளந்து இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது. அதற்கு விசிறியும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதலில். பவுடர் அங்கே என்ன கிழிக்கிறது என்று தனியாகச் சொல்லுங்கள். ஏற்காட்டில் கோழி வளர்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது, எங்களுக்கு அதுதான் பாதிக் கேள்வி.

முடிந்தால் இன்னொரு பிரிவில் மரவள்ளித் திப்பியையும் சிறிதளவு சேர்த்துப் பாருங்கள். சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மிஞ்சுகிற நார் அது. குடலுக்கு ஏதாவது செய்கிறதென்றால் வெளியூர் டப்பாவுக்கு அலைய வேண்டாம்.

டப்பா என்றதும் ஒன்று: சோதனைக்கு எடுக்கும் பவுடரில் எந்த வகை, எத்தனை சதவீதம் என்று உங்கள் ஆய்வகத்திலேயே பார்த்துவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் தமிழில் ஒரே பக்கமாக அச்சிட்டுத் தீவனக் கடைகளில் ஒட்டச் செய்யுங்கள்.

கொட்டகையும் கோழியும் தீவனச் செலவும் எங்களுடையவை. தினமும் எண்ணி எழுதுவதும் நாங்களே. பவுடர் கலந்தது, கலக்காதது இரண்டையும் ஒரே மாதிரி மூட்டையில் கட்டி அனுப்புங்கள். எந்த வரிசைக்கு எது போகிறது என்ற குறிப்பு கடைசி நாள் வரை உங்களிடமே இருக்கட்டும். எங்களுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டத்து முட்டைக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்