கோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு டோபி கடை வைத்திருக்கிறேன், 19 வருஷம் ஆகிறது. சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம், தயவு செய்து போடுங்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கடையைச் சாத்தப் போகிற நேரம், ஒரு தம்பி மோட்டாரில் வந்தான். "அக்கா, திங்கட்கிழமை கோலாலம்பூரில் இண்டர்வியூ, இந்தக் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து மட்டும் கொடுத்தால் போதும்" என்றான். உறையின் ஜிப்பைத் திறந்ததுமே ஈர மண் வாடை. கழுத்துப் பட்டி, கக்கம், உள்துணி எல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். அவன் அக்கா கல்யாணத்துக்கு வாங்கியதாம், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற அப்பா 480 ரிங்கிட் கொடுத்து எடுத்துத் தந்தது, ஒரே ஒரு நாள் போட்டிருக்கிறான். அன்றைக்கு ராத்திரியே வேர்வையோடு உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து அலமாரியில் மாட்டியதுதான், எட்டு மாதம் கழித்து இப்போதுதான் திறக்கிறான். தூசு படக்கூடாதென்று அவன் அம்மா அவ்வளவு பத்திரமாக வைத்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு மனசே சரியில்லை.

கோட் போட்டுக்கொண்டு போ, மரியாதையாக இருக்கும் என்று பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்கிறோம். வாங்கின பிறகு அதை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் சாதாரணமாகவே 80 விழுக்காடு இருக்கும், ராத்திரியில் 90-ஐயும் தொடும், மழை அதிகம் பெய்கிற தைப்பிங் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பூசணம் பூக்க 70 தாண்டினாலே போதும். அதிலும் கோட் தைக்கிற கம்பளித் துணி இருக்கிறதே, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டாலும் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக்கில் மூடினால் ஈரம் எங்கே போகும்? கடையில் கொடுக்கிற உறை வீட்டுக்குக் கொண்டு போகத்தான். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

போட்டுக் கழற்றிய கோட்டின் பையில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, தோள் அகலமாக உள்ள ஹேங்கரில் மாட்டி ஒரு ராத்திரி முழுக்க காற்றாடிக்குக் கீழே விடுங்கள். கம்பி ஹேங்கர் வேண்டாம், தோள்பட்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் மெத்தென்ற பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, பழைய பருத்தி வேட்டியைப் போர்த்தி, மற்றத் துணிகளோடு நெருக்காமல் மாட்டுங்கள். மாதம் இரண்டு தடவை, மழையில்லாத நாளாகப் பார்த்து, வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

பாச்சை உருண்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். அலமாரி முழுக்கப் போட்டு வைக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி) குறைவு என்று சொல்லியிருந்தால், அந்த உருண்டை உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடாது. அதில் உள்ள நாப்தலின் அந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மஞ்சள் காமாலை வரும். கோட் கிடக்கட்டும், பிள்ளைதான் முக்கியம்.

அப்புறம் காசு போட்டுத் துவைக்கிற மெஷின். இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டது, அதில் கோட்டையும் போட்டுவிட்டு என்னிடம் கொண்டு வருகிறார்கள். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே ஒரு துணியைப் பசை வைத்து, சூடு காட்டி ஒட்டியிருப்பார்கள், விலை குறைந்த கோட் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். தண்ணீரில் அலசி டிரையரில் சுழற்றினால் அந்தப் பசை விட்டு நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், அதற்குப் பிறகு யாராலும் சரி செய்ய முடியாது. உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் P என்ற ஆங்கில எழுத்து இருந்தால் டிரை கிளீனிங் கொடுக்கலாம், வட்டத்தில் பெருக்கல் குறி இருந்தால் கொடுக்கவே கூடாது. கொடுக்கும்போது கால்சட்டையையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் இரண்டும் இரண்டு நிறமாகத் தெரியும். எப்போதாவது போடுகிற கோட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும், கறை பட்டால் மட்டும் உடனே கொடுங்கள்.

கல்யாண வீட்டில் மாலையின் ஈரம் கோட்டில் இறங்கினால் தேய்க்காமல் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மஞ்சள் பட்டால் சோப்பு போடாதீர்கள், சோப்புப் பட்ட மஞ்சள் சிவந்து இன்னும் மோசமாகத் தெரியும். அது மஞ்சள் கறைதான் என்று டோபியிடம் சொல்லிக் கொடுங்கள்.

தேய்ப்பதுதான் கடைசி. என் மகனின் கறுப்புக் கோட்டை, இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும், அவசரத்தில் மேலே துணி போடாமல் தேய்த்துவிட்டேன். முழங்கையில் பளபளவென்று ஏறியது இன்றுவரை போகவில்லை. நூல் நசுங்கிவிட்டால் அப்படித்தான். இஸ்திரிப் பெட்டியில் சூட்டைக் காட்டுகிற புள்ளிகளில் இரண்டுக்கு மேல் வைக்காமல், பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள்.

பட்டமளிப்பு, இண்டர்வியூ என்று கோயில் மண்டபங்களில் இளைஞர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் டை கட்டச் சொல்லித் தருகிறார்கள், நல்ல விஷயம். அதோடு ஒரு பத்து நிமிஷம் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தம்பி ஒன்றுவிட்ட அண்ணனின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனான், கை நீளமாக இருந்தது, நான்தான் இரண்டு விரல் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவனுடையதை வெளியே வைத்துப் பூசணத்தைத் தட்டிவிட்டு ஈப்போவுக்கு டிரை கிளீனிங் அனுப்பினேன், பதினொரு நாள் கழித்து வந்தது. மேல்துணி தேறிவிட்டது, உள்துணியில் கறை அப்படியே இருக்கிறது. அவன் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார். பழைய வேட்டியில் ஒரு உறை தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் வீட்டில் உள்ள பழைய வேட்டியைக் கொண்டு வாருங்கள், தைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
டோபி கடை அக்கா,
சுங்கை சிப்புட், பேராக்